முன் குழியில் வெற்று டிஸ்க்

“சட்டை இல்லாமலா?”

“சட்டை மட்டுமா? இடுப்புல ஒரு துண்டு. அவ்வளவுதான்.”

“துண்டோட போய் அக்கா முன்னாடி நின்னீங்களா?”

“நின்னிருந்தா நான் இப்ப உன்கிட்ட பேசிக்கிட்டு இருப்பேனா? குரல் கேட்டதும் பின்வாசல் வழியா ஒரே ஓட்டம். வாழைத் தோப்புக்குள்ள விழுந்து, இவ்வளவு நேரம் அங்கேயே பதுங்கிக் கிடந்துட்டு வந்திருக்கேன். முதுகைப் பாரு.”

சிலியா முதுகைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. மடியில் இருந்த சேப்பங்கிழங்கு இலை நழுவியது. தேங்காய்ப்பால் பாவாடையில் சிந்தியது. சனிக்கிழமை. நாளை ஞாயிறு என்றால் ஊரில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், கடை திறக்க மாட்டார்கள். மண் அடுப்புக்குள் வைக்க வேண்டிய லூ பொட்டலங்களை இன்றே கட்டி முடிக்க வேண்டும். இலைக்குள் கறி, கறிக்கு மேல் வெங்காயம், அதற்கு மேல் பால். காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

“சிரி, சிரி,” என்றான் அவள் புருஷன் மனாசே. “மார்க்கெட்டுக்குப் போனவங்க இவ்வளவு சீக்கிரம் திரும்புவாங்கன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? குளிச்சுட்டு வர்ற வழியில, பட்டறையில ஆள் இல்லையேன்னு உள்ள நுழைஞ்சேன்.”

தலைநகர் நுகுஅலோஃபாவில் இப்போதெல்லாம் அண்ணன் தங்கைகள் ஒரே சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார்கள். இந்த வீட்டில் அது கிடையாது. செத்துப்போன மாமனார் சியோசாயா அந்த விஷயத்தில் பழைய கண்டிப்புக்காரர். மகளுக்குத் தன்னோடு பெரிய வீடு. மகனுக்கு முற்றத்தின் மறுபக்கம் சின்ன வீடு. நடுவில் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நடத்தும் கம்ப்யூட்டர் பட்டறை. அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் அக்கா லெசியேலிக்கு, பின்வாசல் தம்பி மனாசேக்கு. அவள் உள்ளே வந்தால் அவன் வெளியே போவான். அது பகை இல்லை, மரியாதை. அவன் கழற்றி மாட்டும் வேலைகளைச் செய்து வைத்துவிட்டுப் போவான். அவள் வந்து திரையைப் பார்க்கும் வேலைகளைச் செய்வாள். இருவருக்கும் நடுவில் சேதி கொண்டு போவது சிலியா. வவாவு தீவிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் உத்தியோகம். “தொங்காவிலேயே நல்லா ஓடுற டெலிபோன் நான்தான்” என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

“உள்ள போய் என்ன பண்ணீங்க?”

“அப்பாவோட டிஸ்க்கை நகல் பெட்டியில சொருகினேன். அத்தை மத்தியானம் வந்துருவாங்கல்ல? பின் குழியில அப்பாவோடது. முன் குழியில வெத்து டிஸ்க்.”

சிலியாவின் கை நின்றது. “முன் குழியில வெத்தா?”

“சும்மா, அது நல்லா ஓடுதான்னு பார்க்க வச்சேன். நல்லா ஓடுது. மாத்தி வைக்கிறதுக்குள்ளதான் அக்கா குரல் கேட்டுச்சு.” தலையில் ஒட்டியிருந்த வாழைச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டான். “அதனால என்ன? உன்னைக் கேட்காம அவங்க அழுத்த மாட்டாங்களே.”

கேட்டுவிட்டாள்.

முதல் பொட்டலம் கட்டும்போதே முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து லெசியேலி குரல் கொடுத்தாள்: “சிலியா, தம்பி டிஸ்க்கை வச்சுட்டானா?” பார்க்காமல், எழாமல், இலையை மடித்துக்கொண்டே சிலியா சொன்ன பதில் இப்போது அவள் காதிலேயே ஒலித்தது. “வச்சுட்டார் அக்கா.”

இப்போது தட்டில் பொட்டலங்கள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன.

அவள் எழுந்து ஓடினாள். கை முழுக்கத் தேங்காய்ப்பால். கோழிகள் சிதறின. மனாசே பின்னால் “ஏய், என்ன ஆச்சு?” என்று கத்தியது எங்கோ கேட்டது.

*

அந்த டிஸ்க்கில் இருந்தது ஒரு பாட்டு.

சியோசாயா சர்ச்சின் பாடகர் குழுவை நடத்தியவர். புதுப் பாட்டு கட்டினால் நான்கு குரல்களையும் எண்களாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கம்பால் தொட்டுத் தொட்டுப் பாட வைப்பார். கடைசிப் பாட்டைப் பலகையில் எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நான்கு குரலையும் தானே தனித்தனியாகப் பாடிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவைத்தார். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

அவரை அடக்கம் செய்த மறுவாரமே விகா அத்தை அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தப்பு சொல்ல முடியாது. அப்பாவுடன் பிறந்த அக்கா. தொங்கா வழக்கப்படி அவர் பிள்ளைகளிடம் அவளுக்கு இல்லாத உரிமை எதுவும் இல்லை. போன வருஷம் வளர்த்த பன்றி போயிற்று. அதற்குப் பிறகு ஃப்ரீசர். மனாசே அந்த ஃப்ரீசரைத் தானே லாரியில் ஏற்றிவிட்டு, “பார்த்துப் போங்க அத்தை” என்று கைகூப்பி நின்றான்.

அவள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் சென்ற வாரம் ஒரு முனகலோடு நின்றுபோனது. அதை ஒரு நல்ல பாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்து இறங்கினாள் அத்தை. மேஜையில் வைத்தாள். “ஞாயித்துக்கிழமை இந்தப் பாட்டைப் பாடுறோம். சர்ச்சோட பிறந்தநாள். சனிக்கிழமை மத்தியானம் வர்றேன்” என்றாள். போய்விட்டாள்.

மனாசே கழற்றிப் பார்த்தான். பெட்டிதான் போயிருந்தது. டிஸ்க் நன்றாக இருந்தது, ஆனால் கிழம். எந்த நாளும் நின்றுபோகலாம். அதனால் அதிலிருப்பதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். இந்தப் பட்டறையில் தினமும் நடக்கிற வேலைதான். ஆக்லாந்து அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்கள் கப்பலில் வரும். ஒவ்வொரு டிஸ்க்கையும் லெசியேலி முழுக்கத் துடைப்பாள். துடைப்பது என்றால் குப்பைத் தொட்டியில் போடுவது இல்லை. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை எல்லாவற்றின் மேலும் சுழியை, வெறும் பூஜ்யத்தை, எழுதுவது. எழுதிய பிறகு அங்கங்கே திறந்து, சுழியைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை என்று பார்ப்பாள். அதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு ஒரு நல்ல டிஸ்க்கைத் தாயாக வைத்து, அதே போல மற்ற எல்லாவற்றையும் ஆக்கி, வெளித்தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவாள்.

நகல் பெட்டி ரொட்டி சுடும் பெட்டி மாதிரி இருக்கும். மேலே இரண்டு குழி. முன் குழியில் இருப்பது தாய். பின் குழியில் இருப்பது பிள்ளை. பொத்தானை அழுத்தினால் முன்னே இருப்பது பின்னே போய் விழும். அந்தப் பெட்டிக்கு வேறு அறிவு கிடையாது. முன்னே வெற்று டிஸ்க்கை வைத்தால், அந்த வெறுமையை எடுத்துப் பின்னே இருப்பதன் மேல் மிகுந்த விசுவாசத்தோடு எழுதும்.

*

“நிறுத்துங்க!”

லெசியேலி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வேறொரு கம்ப்யூட்டரின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை நீண்டது, சுவரில் இருந்த ஒயரைப் பிடுங்கியது.

சிலியா பின்னாளில் அந்த நொடியைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். யாராவது அலறிக்கொண்டு வந்தால் நாமெல்லாம் முதலில் “என்ன?” என்போம். அந்த “என்ன”வுக்குள் எவ்வளவோ அழிந்திருக்கும்.

பெட்டியின் முகப்பில் நான்கு பச்சை விளக்குகள். முதல் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் அணைந்தது. டிஸ்க்குகள் சுற்றி ஓயும் சத்தம், யாரோ நீளமாக மூச்சு விடுவது போல.

“சொல்லு,” என்றாள் லெசியேலி.

“முன்னாடி இருக்கிறது வெத்து அக்கா. அவர் சோதிக்க வச்சாராம். நீங்க வந்ததும்... அவர் துண்டோட இருந்தார்...”

லெசியேலி கண்ணை மூடினாள். இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பார்த்தால் யாருக்கும் தெரியாது.

“நான்தான் அக்கா. பார்க்காம ‘வச்சுட்டார்’னு சொன்னேன்.”

“நீ சொன்னதை நான் ஏன் பார்க்காம நம்பினேன்? சரி, அதை அப்புறம் அழுவோம்.” கண்ணைத் திறந்தாள். குரல் சமமாக இருந்தது. “முதல் விளக்கு முழுசா எரியலை. அப்ப கால்வாசிகூட அழியலை. மீதி உள்ள இருக்கு. தம்பியைக் கூப்பிடு. சட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லு.”

மனாசே ஏற்கெனவே பின்வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தான். பதற்றத்தில் கைக்கு அதுதான் கிடைத்திருக்கிறது.

“சிலியா, அக்காகிட்ட சொல்லு. நான் செத்துடலாம்னு இருக்கேன்.”

“அப்புறம் சாகலாம்னு சொல்லு,” என்றாள் லெசியேலி. “இப்ப வேலை இருக்கு.”

இருவருக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. சிலியா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினாள். இருவருக்கும் எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் அவள் சொன்னாள். அது அவள் வேலை.

லெசியேலி முதலில் கேட்டது ஆச்சரியமாக இருந்தது. துடைத்து முடித்த டிஸ்க்குகளிலிருந்து அதே அளவில் இன்னொன்று.

“அடிபட்டதைப் போய் நகல் எடுத்து என்னக்கா பண்றது?”

“வைத்தியம் நகலுக்குத்தான் பண்ணணும். அப்பாவோடதுல இனிமே ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. நான் ஏதாவது தப்பு பண்ணினாலும் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்க அது இருக்கணும்.”

அவள் முன்வாசல் வழியாக வெளியே போய்ப் பலாமரம் மாதிரி நிழல் பரப்பி நின்ற ஈரப்பலா மரத்தடியில் நின்றுகொண்டாள். மனாசே பின்வாசல் வழியாக உள்ளே வந்து டிஸ்க்குகளைக் கழற்றினான். அப்பாவுடையதின் முதுகில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டான். இந்த முறை அதை முன் குழியில் வைத்தான். போனான். லெசியேலி வந்தாள்.

“தாய் முன்னாடியா?”

“முன்னாடி அக்கா.”

“அவன் சொன்னானா, நீ பார்த்தியா?”

“நானே பார்த்தேன். சிவப்புக் கோடு முன்னாடி.”

லெசியேலியும் குனிந்து பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். முதல் விளக்கு மினுக்கத் தொடங்கியது. மூன்று பேரும், இருவர் உள்ளே அந்த விளக்கைப் பார்த்தபடி, ஒருவன் வெளியே பெட்டியின் சத்தத்தைக் கேட்டபடி, மூச்சுவிட்டார்கள்.

*

நகல் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சிலியா மிச்ச லூவையும் கட்டி, அடுப்புக் குழிக்குள் இறக்கி, வாழை இலையும் சாக்கும் போட்டு மண் மூடிவிட்டு வந்தாள். லெசியேலி இருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“அழிஞ்சது டிஸ்க்கோட முன்பக்கம்,” என்று விளக்கினாள். “எந்தப் பேர்ல எது, எங்கே இருக்குன்னு குறிச்சு வச்ச இடம் அதுலதான் இருந்துச்சு. ஊர்ல வீட்டுக் கதவுல இருந்த பேரை எல்லாம் பிடுங்கிட்டா வீடு போயிருமா? வீடு இருக்கும். யாரு வீடுன்னுதான் தெரியாது. ஒவ்வொரு கதவா தட்டணும்.”

“எத்தனை கதவு?”

“உன் மாமனார் எத்தனை வருஷம் பாடினாரோ அத்தனை.”

திரையில் எண்களும் எழுத்துகளும் மழைத்தண்ணீர் மாதிரி இறங்கின. குரலைப் பதிவு செய்த ஒவ்வொரு கோப்பும் தொடங்குகிற இடத்தில் ஒரே அடையாளம் இருக்குமாம். அந்த அடையாளத்தை மட்டும் தேடும்படி அவள் சொல்லிவைத்தாள். கிடைக்கக் கிடைக்க இடதுபக்கம் பெயரில்லாத பதிவுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. சிலியாவுக்கு ஓர் எண்ணம் வந்தது: கடலில் தொலைந்த படகுகளை யாரோ கரையிலிருந்து ஒரு கயிற்றால் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். படகுக்காரர்களுக்குத் தங்கள் பெயர் மறந்துபோயிருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறார்கள்.

எந்தப் பதிவு அந்தப் பாட்டு? லெசியேலி அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். அடிக்குரல் மட்டும் மனாசேக்குத் தெரியும். அப்பா அவனுக்கு ஒரு தடவை பாடிக் காட்டியிருந்தார். இருவரும் கேட்க வேண்டும். இருவரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார முடியாது.

அதற்கும் லெசியேலியே வழி சொன்னாள். ஒலிபெருக்கியை ஜன்னல் கட்டையில் வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். மனாசே ஜன்னலுக்குக் கீழே ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தான். அவளுக்கு அவன் தலை தெரியாது. அவனுக்கு அவள் முகம் தெரியாது. இல்லை என்றால் சுவரில் ஒரு தட்டு. ஆமாம் என்றால் இரண்டு.

முதல் பதிவு. சியோசாயாவின் குரல் முற்றத்தில் எழுந்தது. கோழிகள்கூடத் தலைதூக்கின.

ஒரு தட்டு. இல்லை.

அடுத்தது. இல்லை. அடுத்தது ஏதோ ஒத்திகை. நடுவில் பாட்டு நின்று, அவர் கத்துவது கேட்டது: “மனாசே! அடிக்குரல் பாடச் சொன்னா ஏப்பம் விடுறே!” ஊரே சிரித்தது அந்தப் பதிவில்.

ஜன்னலுக்குக் கீழிருந்து, மெதுவாக, “இல்லைன்னு சொல்லு சிலியா. தட்டக் கை வரலை.”

லெசியேலி அடுத்த பதிவை ஓட விட்டாள்.

அடுத்தது பாட்டு இல்லை. தாழ்ந்த, தனியான குரல். ஜெபம். “கர்த்தாவே, என் மகள்...” என்றது.

அதோடு நிறுத்திவிட்டாள்.

சிலியாவால் தாங்க முடியவில்லை. “அக்கா! உங்களைப் பத்தித்தானே... இன்னும் கொஞ்சம்...”

“அது கடவுள்கிட்ட சொன்னது. நம்மகிட்ட சொல்லலை.” அந்தப் பதிவை வரிசையிலிருந்து ஒதுக்கி வைத்தாள். ஊர் பேர் தெரியாத ஆக்லாந்து ஆட்களின் டிஸ்க்குக்கு என்ன மரியாதையோ, சொந்தத் தகப்பன் டிஸ்க்குக்கும் அதே மரியாதை. தன்னால் அது முடியாது என்று சிலியாவுக்குத் தெரிந்தது. தன் தகப்பனார் தன் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் என்ன கேட்டார் என்பது ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போது, எத்தனை பேரால் விரலை எடுக்க முடியும்?

வெயில் மரத்தின் மறுபக்கம் போனது. பதிவுகள் ஓடின. ஒரு தட்டு. ஒரு தட்டு. ஒரு தட்டு.

அப்புறம் நிலத்துக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு குரல். மெதுவாக ஏறி, ஓரிடத்தில் நின்று, மறுபடி இறங்கியது.

சுவர் அதிர்ந்தது. இரண்டு தட்டு இல்லை. படபடவென்று ஏழெட்டு.

“அடிக்குரல்!” என்று கத்தினான் மனாசே. சிலியாவிடம் சொல்ல வேண்டும் என்பதை மறந்து நேராகவே கத்திவிட்டான். “அதுதான்! அதுதான்!”

அதை ஒட்டியே இன்னொன்று இருந்தது, மூன்றாம் குரல். கொஞ்சம் தள்ளி இரண்டாம் குரல். லெசியேலி மூன்றையும் முழுதாகக் கேட்டு, தனியே எடுத்துவைத்து, உடனே வேறொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டாள். நகலை மூலத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்பார்க்கச் சொன்னாள். ஒத்தது.

“முதல் குரல்?” என்றாள் சிலியா.

மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது முதல் குரல்தான். மற்ற மூன்றும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவை.

கடைசிப் பதிவு வரை பார்த்தார்கள். இல்லை. லெசியேலி அடையாளத்தை விட்டுவிட்டுக் கையாலேயே தேடினாள், அழிந்த பகுதி எங்கே முடிகிறதோ அங்கிருந்து. சுழி, சுழி, சுழி. சுழிகள் முடிந்த விளிம்பில் ஒரு துண்டு கிடைத்தது. தலை இல்லாத துண்டு. அதற்கு ஒரு தலையைப் பொருத்தி ஓட விட்டாள்.

“...மென்,” என்றார் சியோசாயா. ஒரு இருமல். நாற்காலி நகரும் சத்தம். அவ்வளவுதான்.

யாரும் சுவரைத் தட்டவில்லை.

“அக்காகிட்ட சொல்லு,” என்றான் மனாசே. “மூணு குரல் இருந்தா நாலாவதை நம்மாளுங்க எப்படியும் கட்டிருவாங்க. அத்தைக்குத் தெரியவே வேண்டாம்.”

“மாட்டேன்னு சொல்லு. நகல்னா கடைசிப் புள்ளி வரைக்கும் ஒண்ணா இருக்கணும். இல்லாத இடத்துல நான் எதையாவது போட்டு நிரப்பி, இதுதான் அப்பாவோடதுன்னு குடுக்க மாட்டேன். எங்கே அழிஞ்சுதோ, அங்கே அழிஞ்சுதுன்னுதான் சொல்லுவேன்.”

வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

விகா அத்தை கறுப்பு உடுத்தியிருந்தாள். துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பெரிய பாய் இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றியிருந்தது. நடக்கும்போது உலர்ந்த இலை மாதிரி சரசரத்தது. பட்டறைக்குள் வந்து, இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். லெசியேலியும் சிலியாவும் தரையில் உட்கார்ந்தார்கள். மனாசே பின்வாசல் படியிலேயே மண்டியிட்டான்.

“முடிஞ்சுதா?”

லெசியேலி சுற்றி வளைக்கவில்லை. “அத்தை, பாட்டுல முதல் குரல் அழிஞ்சுபோச்சு. பொத்தானை அழுத்தினது நான்.”

“மாத்தி வச்சது நான் அத்தை,” என்றது படி.

“வச்சுட்டார்னு சொன்னது நான்,” என்றாள் சிலியா.

அத்தை மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“பரவாயில்லையே,” என்றாள். “மூணு பேரும் சேர்ந்து ஒரு வேலை செஞ்சிருக்கீங்க. உங்க அப்பன் இருந்தவரைக்கும் அது நடக்கலை.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கச் சொல்லவும் இல்லை.

“மிச்சம் இருக்கிறதைப் போடு.”

லெசியேலி மூன்று குரலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட விட்டாள். ஒரே மனிதர் மூன்று மனிதராக நின்று பாடினார். அடிக்குரல் தரையாக விரிந்தது. நடுவில் இரண்டும் சுவர்களாக எழுந்தன. கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. பாட்டு எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி இருந்தது, தெரியவும் இல்லை. இரண்டு இடங்களில் மூன்று குரல்களும் தாழ்ந்து ஒதுங்கி நின்றன. அங்கே முதல் குரல் தனியாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்த இடங்களில் பட்டறைக்குள் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

பாட்டு முடிந்தது. அத்தையின் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“அழிஞ்ச இடத்துல இப்ப என்ன இருக்கு?”

“சுழி அத்தை. வெறும் சுழி. அதுலேருந்து எதையும் எடுக்க முடியாது. என்னால மட்டும் இல்லை, யாராலயும்.”

“இந்த மூணை எப்படி எடுத்தே?”

லெசியேலி சொன்னாள். வைத்தியம் நகலுக்கு என்பதை, பெயர் போன வீடுகளை, தட்டிய கதவுகளை, ஜன்னலுக்குக் கீழே சுவரில் விழுந்த தட்டுகளை. அத்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். யாருடைய பேச்சையும் அவள் அப்படி முழுதாகக் கேட்டுச் சிலியா பார்த்ததில்லை.

“அந்தச் சுவரைத் தட்டினது யாரு?”

“நான்தான் அத்தை,” என்றான் மனாசே.

“இவ உள்ளே, நீ வெளியே.”

“ஆமா.”

“ம்.” அத்தை பாயின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அப்பன் ஒழுங்காத்தான் வளர்த்திருக்கான்.”

பிறகு குனிந்து, லெசியேலியின் முகத்தைப் பார்த்தாள்.

“ராத்திரி ஒத்திகை. நாளைக்குச் சர்ச். அவன் இந்தப் பாட்டைக் கட்டும்போது அந்த வீட்டுல வேற யாரும் இல்லை. நீ மட்டும்தான் இருந்தே. சுவர் வழியா முதல் குரலைக் கேட்டது நீ ஒருத்திதான்.”

லெசியேலி தலையை ஆட்டினாள், இல்லை என்பது போலவும் இல்லாமல், ஆமாம் என்பது போலவும் இல்லாமல். “காதுல விழுந்தது அத்தை. ஆனா அப்படியே இருக்குன்னு சொல்ல முடியாது. ரெண்டு இடத்துல எனக்கே சந்தேகம். நான் பாடினா அது என் ஞாபகம்தான். அப்பாவோடது ஆகாது. அவர் பேர்ல அதைக் குடுக்க எனக்கு மனசு வராது.”

அத்தைக்கு இல்லை என்று சொன்னவர்கள் இந்தக் குடும்பத்தில் கிடையாது. அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பன்றியைப் போல, ஃப்ரீசரைப் போல, இந்தக் குரலையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். படியில் மனாசே தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

அத்தை நாற்காலியிலிருந்து இறங்கினாள். பாய் சரசரத்தது. அவள் தரையில், லெசியேலிக்கு எதிரே, முழங்கால் முழங்காலை இடிக்கும்படி உட்கார்ந்தாள். தன் தம்பி பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அவர்களுக்குச் சமமாக அவள் தரையில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

“மூணு குரல் சியோசாயாவோடது, ஒரு குரல் அவன் மகளோடதுன்னு நாளைக்குச் சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நானே எழுந்து சொல்றேன். பொய் வேண்டாம்.” அவள் குரல் சிறியதாகிவிட்டிருந்தது. “அத்தைங்கிற உரிமையில கேட்கலை, லெசியேலி. உன்னால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு, நான் எழுந்து போயிடுறேன். தம்பியைப் பறிகொடுத்த ஒருத்தி கேட்கிறேன். அந்த முதல் குரலை எனக்கு ஒரு தடவை பாடிக் காட்டுறியா?”